பூட்டனின் தகப்பனார் யார்? பழைய பதிவேடுகளில் முன்னோரைத் தேடும் முறை

மூன்று தலைமுறைக்கு முன்பு வாழ்ந்த ஒருவரின் தகப்பனார் யார் என்று சான்றோடு நிறுவ வேண்டுமா? முதலில் பெயரைத் துரத்தும் பழக்கத்தை விடுங்கள். பாட்டன் பெயரைத் தாங்கியவன்தான் பெயரன், பிறகு பேரன். ராமசாமி மகன் கருப்பையா, கருப்பையா மகன் ராமசாமி என்று ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர்கள் திரும்பி வரும். அண்ணன் தம்பி மூவரும் தங்கள் மூத்த மகனுக்குப் பாட்டன் பெயரையே வைத்திருந்தால், ஒரே தெருவில் ஏறக்குறைய ஒரே வயதில் மூன்று கருப்பையாக்கள் இருப்பார்கள். அவர்களில் உங்கள் பூட்டன் எவர் என்பதைப் பெயர் சொல்லாது.

நிலம் சொல்லும். பெயர் மாறலாம், எழுத்து மாறலாம், ஊர் எந்த வட்டத்தில் இருக்கிறது என்பதுகூட மாறலாம். ஒரு புல எண்ணில் உள்ள நிலம் யாரிடமிருந்து யாருக்கு, எந்த உரிமையில் போனது என்ற சங்கிலி மட்டும் நூறு நூற்றைம்பது ஆண்டுக்கும் தாளில் கிடக்கும். ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி நிலத்தைப் பிடித்து ஆளைக் கண்டுபிடிப்பதைப் பற்றியது. நிலமில்லாத குடும்பங்களுக்கும், கடல் கடந்தவர்களுக்கும் வேறு வழிகள் உண்டு. அவை பிற்பாதியில் வருகின்றன.

வீட்டிலிருந்து தொடங்குங்கள்

தேட வேண்டிய கேள்வியை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். "எங்கள் வம்சம் முழுவதும்" என்று எழுதினால் வேலை நகராது. "1890 வாக்கில் பிறந்து 1950-களில் இறந்த கருப்பையாவின் தகப்பனார் யார்?" என்று எழுதினால் எந்த ஆண்டுகளின் பதிவேடு தேவை என்பது உடனே தெரிந்துவிடும். இந்தக் கருப்பையா கற்பனைப் பெயர்தான். கட்டுரை முழுவதும் எடுத்துக்காட்டுக்காக அவரையே வைத்துக்கொள்வோம்.

அடுத்தது டிரங்குப் பெட்டி. பழைய பத்திரங்கள், பட்டாப் புத்தகம், கிஸ்தி (நிலவரி) ரசீது, ஜாதக நோட்டு, மொய் நோட்டு, கருமாதிப் பத்திரிகை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்து வரிசைப்படுத்துங்கள். மொய் நோட்டைப் பலரும் ஒதுக்கிவிடுவார்கள். எழுதியவரின் ஊர், தகப்பனார் பெயர், சில சமயம் உறவுமுறை ஆகியவை அதில் வரிசையாக இருக்கும்; பங்காளிகள் எந்த ஊர்களுக்குப் போய்க் குடியேறினார்கள் என்பதற்கு அதைவிட நல்ல பட்டியல் வீட்டில் கிடைக்காது. தர்ப்பணம் செய்யும் குடும்பமானால் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயர் செய்பவரின் வாயிலேயே இருக்கும். உடனே எழுதி வாங்குங்கள்.

பெரியவர்களிடம் கேட்கும்போது ஆண் பங்காளிகளோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த வீட்டில் பிறந்து வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன அத்தைகள், அவர்களின் மகள்கள் ஆகியோருக்குப் பிறந்த வீட்டு உறவு துல்லியமாக நினைவிருக்கும். இன்னொன்றையும் கேளுங்கள்: அவரைக் கூப்பிட்ட பெயர் என்ன? மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது வழக்கம். பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டு வீட்டில் வேறு பெயரால் கூப்பிடுவார்கள். அதனால்தான் பத்திரங்களில் "சுப்பையா என்கிற கருப்பையா" என்று வருகிறது. கூப்பிட்ட பெயரும் எழுதிய பெயரும் இரண்டுமே தெரியாவிட்டால் ஒரே மனிதரை இருவராக எண்ணிக்கொள்வீர்கள்.

பழைய பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள். பசை நாடா ஒட்டாதீர்கள். இரண்டும் சில ஆண்டுகளில் தாளையும் மையையும் கெடுத்துவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. மடிப்பை மெதுவாக விரித்து, சன்னலோர வெளிச்சத்தில், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் எடுங்கள். பின்பக்கம் முக்கியம்: முத்திரைத்தாள் விற்றவர் எழுதிய குறிப்பில் யார் பெயருக்கு எந்தத் தேதியில் வாங்கியது என்று இருக்கும். சார்பதிவாளரின் குறிப்பில் ஆவண எண், ஆண்டு, புத்தகம், தொகுதி, பக்க எண்கள், எழுதிக்கொடுத்தவர் யார், அவரை அடையாளம் காட்டியவர்கள் யார், அவர்களின் தகப்பனார் யார் என்பதெல்லாம் இருக்கும். தேதி கிழிந்து போயிருந்தால் முத்திரையில் உள்ள முகத்தைப் பாருங்கள். விக்டோரியா என்றால் 1901 வரை, ஏழாம் எட்வர்டு 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை. முந்தைய ஆட்சியின் தாள் சில காலம் புழங்கியிருக்கலாம் என்பதால் இது தோராயக் கணக்கே.

காலக்கணக்கும் கையெழுத்தும்

வருவாய்ப் பதிவேடுகள் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டில் இருக்கும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். ஜூலை 1-ல் தொடங்கி மறு ஆண்டு ஜூன் 30-ல் முடியும். பசலி 1320 என்றால் 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை. குமரி மாவட்டத்திலும் நெல்லையின் தென்பகுதியிலும் கொல்லம் ஆண்டு வரும். ஆவணி பிறந்து டிசம்பர் முடியும்வரை 824, ஜனவரியிலிருந்து 825 கூட்ட வேண்டும்.

ஜாதகத்திலும் கல்லறைக் கல்லிலும் அறுபது ஆண்டுச் சுற்றின் பெயர் மட்டும் இருக்கும். பிரபவ 1867, 1927, 1987 என்று வைத்து மற்றவற்றை எண்ணிக்கொள்ளலாம். சிக்கல் எங்கே என்றால், "விரோதி வருஷம்" 1889-ஆகவும் இருக்கலாம், 1949-ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுப் பிழை இரண்டு தலைமுறையை விழுங்கிவிடும். ஒரு பெயரும் ஆண்டும் மட்டும் பொருந்துவதை நம்பிப் பேரனைப் பாட்டனாக ஆக்கிவிடுவது இந்தத் தேடலில் அடிக்கடி நடக்கும் பிழை. வாய்மொழி நினைவுகள் இங்கே உதவும். தாது வருஷப் பஞ்சம் 1876-ல் தொடங்கியது, எம்டன் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22, தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர். "பஞ்சத்தில் கைப்பிள்ளையாக இருந்தாராம்" என்ற ஒரு வரி எந்தச் சுற்று என்பதைத் தீர்த்துவிடும்.

எழுத்தில் புள்ளி இருக்காது. குறில் ஒகரத்துக்கும் நெடில் ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். தமிழ் எண்கள் இன்னொரு தடை: ௧ ககரம் போலவும், ௭ எகரம் போலவும், ௮ அகரம் போலவும் இருக்கும். கையெழுத்தில் ௪-ம் ௬-ம் குழம்பும். ௲௮௱௯௰௬ என்று கண்டால் 1896 என்று படிக்க வேண்டும். ௸ என்றால் மேற்படி, ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. "௸யார்" என்று வந்தால் சற்று மேலே பெயர் சொல்லப்பட்டவர். இதைத் தவறவிட்டால் யார் யாருக்கு மகன் என்பதே தலைகீழாகிவிடும். முதல் பத்துப் பக்கங்களை எழுத்துக்கு எழுத்து நகலெடுத்துப் பாருங்கள், அந்த எழுத்தரின் கை பழகிவிடும்.

ஊரைச் சரியாகப் பிடிப்பது

அரசுப் பதிவேடு எதுவும் குக்கிராமத்தின் பெயரில் இருக்காது. வருவாய்க் கிராமத்தின் பெயரில்தான் இருக்கும். புதுப்பட்டி என்ற பெயரில் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்கள் உள்ளன. அவற்றில் பல வேறொரு வருவாய்க் கிராமத்துக்குள் அடங்கியவை. இன்றைய பட்டாவில் மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம், அதன் எண் ஆகியவை இருக்கும். அதிலிருந்து பின்னோக்கி, 1950-ல் எந்த வட்டம், 1900-ல் எந்த ஜில்லா என்று ஒரு அட்டவணை போடுங்கள். தென்னாற்காடு, வடஆற்காடு, திருச்சினாப்பள்ளி என்றுதான் பழைய தாள்களில் இருக்கும். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். குமரி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் சார்ந்தது; அப்பகுதியின் பழைய அரசாங்கத் தாள்களுக்குத் திருவனந்தபுரத்தின் ஆவணக் காப்பகம் வரை போக வேண்டியிருக்கும். புதுச்சேரி, காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தவை. அங்கு பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் தகப்பன், தாய் பெயர்களோடு பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டன. பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகம் அவற்றில் பெரும் பகுதியை இணையத்தில் வைத்திருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு மற்றவர்களைவிட வேலை எளிது.

நிலப் பதிவேடு: இன்றிலிருந்து பின்னோக்கி

இன்றைய புல எண்ணிலிருந்து தொடங்குங்கள். 112/3பி2 என்று இருந்தால் அது 112/3பி-யிலிருந்து பிரிந்தது, அது 112/3-லிருந்து பிரிந்தது. ஒவ்வொரு உட்பிரிவும் பெரும்பாலும் ஒரு பாகப்பிரிவினை அல்லது ஒரு விற்பனை. 112/3-ன் மற்ற உட்பிரிவுக்காரர்கள் யார் என்று அரசின் இணைய நிலப்பதிவுத் தளத்தில், புல எண் வாரியாக நில விவரம் தரும் 'அ' பதிவேட்டில் பாருங்கள். அவர்களில் சிலராவது உங்கள் பங்காளிகளாக இருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பெட்டியில் உங்களிடம் இல்லாத பத்திரம் இருக்கலாம்.

அடுத்த படி யு.டி.ஆர். எனப்படும் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம். 1979-ல் தொடங்கி 1987-ல் முடிந்த இந்த வேலையில்தான் பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டு, பழைய எண்கள் பல இடங்களில் மாறின. ஆகவே பழைய புல எண், புதிய புல எண் ஒப்பீட்டுப் பட்டியலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். இது இல்லாமல் பின்னால் போனால் வேறொருவர் நிலத்தைத் தொடர்ந்து போவீர்கள். அதற்கும் முந்தையவை, நிலத்தை அளந்து வரி நிர்ணயித்தபோது எழுதிய செட்டில்மெண்ட், மறு செட்டில்மெண்ட் பதிவேடுகள். அவற்றில் பல கிராமங்களுக்கு வெறும் பெயரும் பட்டா எண்ணும்தான் இருக்கும்; தகப்பனார் பெயர் இல்லையே என்று சோர வேண்டாம். அந்த ஆண்டில் அந்த நிலம் யார் பெயரில் இருந்தது என்பது தெரிந்தாலே ஒரு முளை அடித்தாயிற்று.

இங்கே இரண்டு எச்சரிக்கை. பட்டாவில் பெயர் இருப்பதால் அந்த ஆண்டில் அவர் உயிரோடு இருந்தார் என்று பொருளில்லை. இறந்து நாற்பது ஆண்டு ஆன பிறகும் பாட்டன் பெயரிலேயே பட்டா கிடப்பது நம் ஊர்களில் சாதாரணம். "ராமசாமி வகையறா" என்று இருந்தால் அது ஒரு கூட்டுக் குடும்பம். ராமசாமி அதில் மூத்தவராக இருக்கலாம், தகப்பனாராகவே இருக்க வேண்டியதில்லை. இரண்டாவது, ராமநாதபுரம், சிவகங்கை, எட்டயபுரம் போன்ற ஜமீன் கிராமங்களில் 1948-ன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசு நேரடியாகக் குடியானவர் பெயரில் செட்டில்மெண்ட் செய்தது. அதற்கு முன் அரசுப் பதிவேட்டில் ஜமீன்தாரே இருப்பார். குடியானவருக்கு ஜமீன் கொடுத்த பட்டாவும் அவர் எழுதிக்கொடுத்த முச்சலிக்காவும் (ஒப்புதல் சீட்டு) வீட்டுப் பெட்டியில் தேட வேண்டியவை.

நகல் கேட்கும் மனுவில் "எங்கள் தாத்தா நிலம் பற்றிய எல்லாத் தகவலும்" என்று எழுதாதீர்கள். வருவாய்க் கிராமம், புல எண், எந்தப் பதிவேடு, எந்தப் பசலி என்று நான்கையும் எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். "ஆவணம் இல்லை" என்று வந்தால், எந்த ஆண்டு எந்த அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது அல்லது அழிக்கப்பட்டது என்று அடுத்த மனுவில் கேளுங்கள். அடங்கல் (சாகுபடிக் கணக்கு) போன்ற ஆண்டுக் கணக்குகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு கழித்துவிடுவார்கள். செட்டில்மெண்ட் பதிவேடு நிரந்தரமாக வைக்க வேண்டியது.

இனாம் பதிவேடு

ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைக்கும் இடம் இதுதான். சென்னை மாகாணத்தில் 1858-ல் அமைந்த இனாம் கமிஷன், வரியில்லாத அல்லது குறைவரி நிலம் ஒவ்வொன்றையும் விசாரித்தது. 1860-களில் எழுதப்பட்ட அந்தப் பதிவேட்டில், முதலில் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், பழைய கணக்குகளில் யார் பெயர், இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முதலில் வாங்கியவருக்கு என்ன உறவு என்று பத்தி பத்தியாக இருக்கும். 1862-ல் ஐம்பது வயதுள்ளவரின் பாட்டன் பெயர் கிடைத்தால் நீங்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் நிற்கிறீர்கள்.

இனாம் என்றால் பிராமணருக்கும் கோயிலுக்கும் மட்டும் உரியது என்று எண்ணிப் பலர் இந்தப் பக்கமே வருவதில்லை. மணியம், கணக்கு, வெட்டி, நீர்க்கண்டி, தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், மேளக்காரர், மசூதிப் பணியாளர் என்று ஊர்ப்பணி செய்த எத்தனையோ குடும்பங்களுக்கு ஊழிய மானியம் இருந்தது. உங்கள் நிலத்துக்குப் "பட்டறை மானியம்" போன்ற வழக்குப் பெயர் இருந்தால் கட்டாயம் இதைப் பாருங்கள். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வட்டம், கிராமம் வாரியாகக் கேட்க வேண்டும். பதிவேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் ஊர்ப்பெயரை நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டித் தேட நேரும்.

பத்திரப் பதிவு

தமிழ்நாட்டில் பத்திரப் பதிவு அலுவலகங்கள் 1860-களிலிருந்து இருக்கின்றன. இணையத்தில் வில்லங்கம் பார்த்தால் பொதுவாக 1975 வரைதான் எளிதாகப் போக முடியும். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். எல்லாக் கிராமங்களும் இன்றுள்ள அலுவலகத்திலேயே எப்போதும் இருந்ததில்லை. 1930-ல் உங்கள் கிராமம் வேறொரு தாய் அலுவலகத்தின் கீழ் இருந்திருந்தால் அந்த ஆண்டின் புத்தகம் அங்கேதான் இருக்கும். "வில்லங்கம் இல்லை" என்று வரும் பல பதில்களுக்குத் தவறான அலுவலகத்தில் தேடியதே காரணமாக இருக்கும்.

அட்டவணைகள் இரண்டு விதம்: ஆள் பெயர் வாரியான முதல் அட்டவணை, சொத்து வாரியான இரண்டாம் அட்டவணை. சொத்து வாரியாகத் தேடச் சொல்லுங்கள். பெயர் அட்டவணை சொத்தே தெரியாத நிலைக்கு மட்டும். முதல் புத்தகத்தில் அசையாச் சொத்துப் பத்திரங்கள். இதை யாரும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். மூன்றாம் புத்தகத்தில் உயில்களும் சுவீகார அதிகாரங்களும். எழுதியவர் இறந்த பிறகு அதன் நகலை எவரும் கேட்கலாம், ஆனால் தேடுவது அலுவலரே. மற்ற வகைப் பத்திரங்கள் உள்ள நான்காம் புத்தகத்தின் நகல் எழுதியவருக்கும் அதில் உரிமை பெற்றவருக்கும் அவர்கள் சார்பாளருக்கும்தான்.

எந்தப் பத்திரத்துக்கு எவ்வளவு மதிப்பு? பெற்றோரை நிறுவ, பாகப்பிரிவினைக்கு நிகர் இல்லை. "நமது பிதா காலஞ்சென்ற இன்னார்" என்று சகோதரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறார்கள், அதுவும் பொய் சொன்னால் பாதிக்கப்படக்கூடியவர்களின் முன்னிலையில். அடுத்து உயில், பங்குரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். கிரயப் பத்திரத்தில் தகப்பனார் பெயரைவிட, "பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு" (தகப்பன் வழியில் வந்தது) என்று இருக்கிறதா, "சுயார்ஜிதம்" (தானே சம்பாதித்தது) என்று இருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். முதலாவது என்றால் அதே நிலத்தைத் தகப்பனார் பெயரில் பின்னோக்கித் தேடலாம். இரண்டாவது என்றால் அந்த நிலம் பெற்றோரிடம் கொண்டுபோகாது. குடும்பத்தின் வேறு நிலத்துக்குத் தாவுங்கள்.

பிறகு நான்கெல்லை. "கிழக்கில் ௸ முத்தையா பாகம்" என்று இருந்தால் அந்த முத்தையா சகோதரராகவோ சிற்றப்பன் மகனாகவோ இருக்க நல்ல வாய்ப்பு. பாகம் பிரித்த நிலம் பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கும்? ஆகவே முத்தையாவின் பத்திரங்களையும் எடுங்கள். கருப்பையாவின் பத்திரத்தில் இல்லாத தகப்பனார் பெயர் முத்தையாவின் பத்திரத்தில் கிடைக்கும். சாட்சிகளையும் பத்திரம் எழுதியவரையும் குறித்து வையுங்கள். அதே சாட்சிகள் இரண்டு பத்திரங்களில் வந்தால் இரண்டு கருப்பையாவும் ஒருவரே என்பதற்கு வலு.

மைனர் பத்திரங்கள் பொக்கிஷம். "மைனர் கருப்பையாவுக்குத் தாயாரும் கார்டியனுமான இன்னாள்" என்ற ஒரு வரியில் தாய் பெயர் கிடைக்கிறது, தகப்பனார் அதற்கு முன் இறந்துவிட்டார் என்பதும் பெரும்பாலும் தெரிகிறது, பிறந்த ஆண்டும் ஓரளவு கட்டப்படுகிறது. பெண்களின் பெயர் பழைய பதிவேடுகளில் இன்னார் மனைவி என்ற மறைவுக்குள் ஒளிந்திருக்கும். விதவையாகி நிலத்தைக் காப்பாற்ற வேண்டி வந்தபோதுதான் பல பெண்கள் முதல்முறையாகத் தம் பெயரோடு தாளில் தோன்றுகிறார்கள். 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இறந்தவர்களின் சொத்தில் மகள்களும் வாரிசு என்பதால், அதன்பின் எழுந்த விடுதலைப் பத்திரங்களில் மகள்கள் பெயர் வரிசையாக வரும். அதற்கு முந்தைய பாகப்பிரிவினையில் மகன்கள் மட்டும் இருப்பதை வைத்து அவருக்குப் பெண் பிள்ளையே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

எதுவுமே கிடைக்காமல் போகவும் காரணம் உண்டு. 100 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள நிலத்தை விற்கப் பதிவு கட்டாயமில்லை. அந்தக் காலத்தில் ஒரு துண்டு நிலம் அதைவிடக் குறைந்த விலைக்கே போயிருக்கும். பாகப்பிரிவினையை வாய்மொழியாகவே செய்துகொள்ளலாம். இப்படிப்பட்ட இடைவெளியில் பிற்காலப் பத்திரத்தில் உள்ள பூர்வோத்திர விவரத்தை (சொத்து முன்பு யாரிடமிருந்து வந்தது என்ற குறிப்பை) மட்டும் நம்ப வேண்டியிருக்கும்.

பத்திரத்தில் உள்ள தகப்பனாரே பெற்ற தகப்பனார் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. சுவீகாரம் போனவர் சுவீகாரத் தகப்பன் பெயரையே எழுதுவார். செட்டிநாட்டில் பிள்ளை கூட்டுவது பரவலான வழக்கம். திடீரென ஒரு குடும்பத்தின் நிலம் வேறு ஊரில் உள்ள பெயருக்கு வந்தால் இதைச் சந்தேகியுங்கள். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி இருந்ததால், திருவிதாங்கூர் 1926-ல் சட்டம் போட்டு மாற்றும்வரை சொத்து தாய்மாமன் வழியில் போனது. அங்கே காரணவர் (குடும்பத் தலைவர்) என்று வருபவரைத் தகப்பனாராக எழுதினால் மரமே தவறிவிடும்.

வழக்குத் தாள்கள்

பங்காளிச் சண்டை நீதிமன்றம் வரை போன குடும்பம் என்றால், தேடுபவருக்கு அது நல்வாய்ப்பு. பாகவழக்குப் பிராதில் (வழக்கு மனுவில்) வம்சாவளி அட்டவணை வரைந்தே ஆக வேண்டும். எதிர்த்தரப்பு எந்த உறவை மறுத்தது, நீதிபதி எதை ஏற்றார் என்பதும் தீர்ப்பில் இருக்கும். பத்திரத்தில் "ஓ.எஸ். நம்பர்" (அசல் வழக்கு எண்) என்று ஒரு குறிப்பு வந்தால் நீதிமன்றமும் ஆண்டும் சேர்த்துக் குறித்துக்கொண்டு அந்த ஆவண அறையில் நகல் மனுப் போடுங்கள். மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிருந்தால் சட்ட அறிக்கைகளில் அச்சாகியிருக்கலாம். ஊர்ப்பெயரை வைத்து இணையத் தீர்ப்புத் தளங்களிலும் தேடலாம்.

பிறப்பு, இறப்பு, பள்ளி

சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-ல் வந்தது. கிராமத்தில் மணியக்காரர் எழுதினார். பழைய பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. "ஆண்" என்றும் தகப்பனார் பெயரும்தான். ஆகவே குழந்தை பெயரில் தேடினால் கிடைக்காது. தகப்பனார் என்று நீங்கள் கருதுபவர் பெயரைக் கொடுத்து, கருதும் ஆண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு ஆண்டுகள் பார்க்கச் சொல்லுங்கள். மூத்த பிள்ளை என்றால் தாயின் பிறந்த ஊரில் தேடுங்கள், தலைப்பிரசவம் அங்கேதான். கிராமங்களின் பழைய பதிவேடுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும், நகரங்களுக்கு நகராட்சியிலும் கேட்க வேண்டும்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பனார் அல்லது கார்டியன், தொழில், முன்பு படித்த பள்ளி ஆகியவை நம்பகமானவை. பிறந்த தேதி அப்படியல்ல. வயதுக் கணக்குச் சரியாக வரும்படி தலைமையாசிரியரே எழுதியிருப்பார். மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வாரிப் படிவங்களைத் தேடி அலைய வேண்டாம், பிரிட்டிஷ் காலத்துப் படிவங்கள் பாதுகாக்கப்படவில்லை.

கோயில், சர்ச், ஜமாஅத்

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று பதிவேடுகள். தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷன் 1706-லேயே தொடங்கியது. நெல்லைச் சீமையின் சபைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவேடுகளை வைத்திருக்கின்றன. கத்தோலிக்கப் பதிவேடு லத்தீனில் இருக்கும். பெயரைத் தொடர்ந்து வரும் "ஃபிலியுஸ்" மகன், "ஃபிலியா" மகள். ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்களை விடாதீர்கள். பெரும்பாலும் அத்தை, மாமன்களே. உறவுக்குள் திருமணம் என்றால் விலக்கு அனுமதி பெற்றதும், எத்தனையாவது முறை உறவு என்பதும் எழுதப்பட்டிருக்கும். அதிலிருந்து இருவருக்கும் பொதுவான பாட்டனைக் கணக்கிட்டுவிடலாம். மதம் மாறிய தலைமுறையில் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டும் உள்ள ஒரே தாள் பெரியவர் ஞானஸ்நானப் பதிவுதான்.

முஸ்லிம் குடும்பங்கள் ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரை (திருமணப் பதிவேட்டை) பார்க்க வேண்டும்: மணமக்களின் தகப்பனார்கள், வக்கீல், சாட்சிகள், மஹர் எல்லாம் வரும். குலதெய்வக் கோயில் வரிக் கணக்கில் தலைக்கட்டுப் பட்டியல் இருக்கும். அதில் உள்ளவர்கள் பெரும்பாலும் பங்காளிகளே, ஆனால் எத்தனையாவது தலைமுறையில் பிரிந்தார்கள் என்பது தெரியாது.

நிலமற்றோரின் தடயம் மெலிந்தது, அதனால் கூடுதல் உழைப்பு வேண்டும். 1892 அரசாணைக்குப் பின் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு ஒப்படைத்த நிலங்கள் 'அ' பதிவேட்டில் "டி.சி. நிலம்" என்ற நிபந்தனைக் குறிப்போடு இருக்கும். இன்று அந்நிலம் வேறு கையில் இருந்தாலும் முதல் ஒப்படைப்பாளர் பெயர் பழைய பதிவேட்டில் கிடைக்க வாய்ப்புண்டு. முதல் உலகப் போரில் இறந்த சிப்பாய் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பாருங்கள். பலருக்குத் தகப்பனார் பெயரும் ஊரும் உண்டு.

முடிச்சுப் போடுவதற்கு முன்

ஒவ்வொரு தகப்பன்–மகன் இணைப்புக்கும் ஒரு தாள் ஒதுக்குங்கள். இடப்பக்கம் ஆதரவான சான்றுகள், வலப்பக்கம் முரண்கள். பெயர், ஊர், தகப்பனார், நிலம், சாட்சி என்ற ஐந்தில் பெயரைத் தவிர குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் இரண்டு தாளில் வருபவர் ஒருவர் என்று கொள்ளுங்கள். பத்திரங்களில் "வயது சுமார் 40" என்பதில் ஐந்து ஆண்டு முன்பின் இருக்கும். பதினைந்து ஆண்டு வேறுபட்டால் அது வேறு ஆள். தகப்பனுக்கும் மகனுக்கும் வயது வேறுபாடு 16-க்குக் குறைவாக வந்தால் அண்ணன் தம்பியா, அல்லது நடுவில் அறுபது ஆண்டுச் சுற்றுப் பிழையா என்று திரும்பப் பாருங்கள். வாய்மொழி மட்டுமே உள்ள இணைப்பைப் புள்ளிக்கோட்டால் வரையுங்கள், சான்றுள்ளதை முழுக்கோட்டால்.

கடல் கடந்தவர்

கிராமத்துத் தாளில் திடீரென ஒரு சகோதரர் மறைந்துபோனால், அல்லது நீங்களே கடல் கடந்தவரின் வழியில் வந்தவரானால், கப்பல் பட்டியல்களே திறவுகோல். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்த டுரூரோ கப்பலில் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பட்டியலில் காலனி எண், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உடல் அடையாளம் ஆகிய பத்திகள் இருக்கும். அந்தக் காலனி எண் அங்கே பிறந்த பிள்ளைகளின் சான்றிதழ்களிலும் தொடரும் என்பதால் முதலில் அதைத் தேடுங்கள். ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து 1903 முதல் 1916 வரை போனவர்களின் குடிபெயர்வுச் சீட்டுகள் சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். மொரீஷியஸ் பதிவேடுகள் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில். பலருக்குப் புகைப்படமும் உண்டு. கங்காணி (கூலிக்கு ஆள் சேர்ப்பவர்) முறையில் மலாயாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் போனவர்களுக்கு இவ்வளவு விரிவான தனியாள் பட்டியல் பொதுவாக இல்லை. தோட்டத்துப் பிறப்புச் சான்று, குடியுரிமை விண்ணப்பம், ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது ஆகியவற்றையே நம்ப வேண்டும்.

கப்பல் பட்டியலின் பெயர்களை ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். சாதி, உறவு, வயது ஆகியவற்றை டிப்போவில் (கப்பலேறும் முன் தங்கவைத்த முகாமில்) மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. கிராமப் பெயரை உரக்கப் படியுங்கள், பிறகு அந்தத் தாணாவைச் சுற்றியுள்ள வருவாய்க் கிராமங்களில் அந்த ஒலிக்கு நெருங்கியவற்றைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றின் செட்டில்மெண்ட் பதிவேட்டிலும், இனாம் நிலம் இருந்த ஊர்களில் இனாம் பதிவேட்டிலும் தகப்பனார் பெயரைத் தேடுங்கள். கிடைத்தால், அந்த நிலம் ஊரில் தங்கிவிட்ட சகோதரருக்கு எந்தப் பத்திரத்தில் வந்தது என்று பாருங்கள். "தேசாந்திரம் போய்விட்ட என் தமையன்" என்ற சொல் அந்தப் பத்திரத்தில் இருந்தால், கப்பலேறியவரும் இவர் தமையனும் ஒருவரே என்று முழுக்கோடு போடலாம்.